நடையும் தனிமையும்
நாட்பட்ட சுவாச நோயை முன்வைத்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனித உடலின் செயல்களுள் மூச்சுவிடுதல் தனித்தன்மை வாய்ந்ததொன்றாகும். இதயத்துடிப்பைப்போல அது தானாகவே நிகழ்கிறது. அதேவேளை, கையசைவைப்போல ஓரளவுக்கு மனிதனின் விருப்பத்துக்கும் கட்டுப்படுகிறது. யோக மரபினர் மூச்சைப் பயிற்சிக்குரிய பொருளாகக் கொண்டமைக்கு இவ்விரட்டைத் தன்மையே காரணம் எனலாம். ஆயின் யோகியல்லாத சாதாரண மனிதன் தன் மூச்சைப்பற்றி எண்ணுவதேயில்லை. படியேறும்போதும், பேருந்தைப் பிடிக்க ஓடும்போதும், நண்பனோடு வாதாடிக்கொண்டே வீதியில் நடக்கும்போதும் அது அவனது கவனத்துக்கு வெளியே நின்று கருமமாற்றுகிறது. மூச்சு எண்ணத்துக்குரிய பொருளாக மாறும் நாளிலிருந்து மனிதனது உலகம் வேறொன்றாகிவிடுகிறது. அவ்வாறு மாறிய உலகில் வாழ்வோரின் தனிமை எழுப்பும் ஒழுக்கவியல் வினாக்கள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

நாட்பட்ட சுவாசத் தடை நோய் என இன்று வழங்கப்படுவது, மூச்சுக்குழல்கள் அழற்சியுற்றுக் குறுகுவதாலும், சுவாசப்பையின் காற்றுச் சிற்றறைகள் சிதைவதாலும் உண்டாகும் நிலையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் இந்நோயால் மாண்டோர் தொகை 35 இலட்சம். எனினும் மரணத்துக்கு முன்னர் இந்நோய் மனிதனோடு நெடுங்காலம் வாழ்கிறது. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் அவனோடு கூடவே மூப்படைகிறது. அவ்வாழ்க்கையே இங்கு நோக்கத்தக்கது.

குறுகிய குழல்களின் வழியே காற்று உட்செல்வதைக் காட்டிலும் வெளியேறுவதே கடினமானது. நோயாளி சற்று விரைந்து நடப்பாராயின், முன்னைய மூச்சு முற்றாக வெளியேறுமுன்பே அடுத்ததை உள்ளிழுக்க வேண்டியவராகிறார். இவ்வாறு காற்று மேலும் மேலும் அடைபட்டு, ஈற்றில் உள்ளிழுப்பதற்கு இடமின்றி நெஞ்சு நிறைந்துவிடுகிறது. காற்று நிறைந்த நெஞ்சுடனேயே காற்றுக்காகத் தவிக்கும் இவ்வனுபவம் அச்சந்தருவது. அதனை ஒருமுறை கண்டவர் அடுத்த முறை அவ்வேற்றத்தைத் தவிர்க்கிறார். பின்னர் அவ்வீதியைத் தவிர்க்கிறார். நடவாத கால்களின் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவிற் களைத்து, முன்னையிலும் கூடுதலான மூச்சை வேண்டி நிற்கிறது. இளைப்பு நடையைக் குறைக்க, குறைந்த நடை இளைப்பைக் கூட்டுகிறது. இச்சுழலை மருத்துவர் நன்கறிவர். ஆனால் அதே சுழலில் இன்னொன்றும் சுழல்வதை மருத்துவம் அண்மைக்காலத்திலேயே கவனிக்கத் தலைப்பட்டுள்ளது. நடை குறையுந்தோறும் மனிதர் குறைகின்றனர். சந்தைக்குப் போகாதவரைச் சந்தையிலுள்ளோர் மறக்கின்றனர். கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் மரணவீட்டுக்கும் போகாதவர் சிறிது சிறிதாக ஊரின் கணக்கிலிருந்து நீங்குகிறார். போவதற்கு இடமும் பார்ப்பதற்கு ஆளும் அருகியபின், நடப்பதற்குரிய காரணமும் அருகிவிடுகிறது.

இந்நிலையில் எழும் வினா இதுவே: நடக்குமாறு அறிவுறுத்தப்பட்டும் நடவாதிருக்கும் ஒருவர், தமது உடலின் தேய்வுக்கும் தமது தனிமைக்கும் தாமே பொறுப்பாளராவாரா? அன்றி, நடை என்பது தனியொருவரின் கடமையாக மட்டும் வரையறுக்க முடியாத ஒன்றா?

இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, எதிர்பாராததோரிடத்தில், அதாவது ஒரு மருத்துவ அளவுகோலில், பொதிந்துகிடக்கிறது. பிரித்தானியாவின் தென் வேல்ஸ் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், தூசு படிந்த சுவாசப்பைகளோடு ஆயிரக்கணக்கில் தொழிலிழந்தனர். அவர்தம் நோயை ஆராயவென 1945 ஆம் ஆண்டில் கார்டிஃப் நகரையடுத்த இலண்டோக் வைத்தியசாலையில் ஆய்வுப் பிரிவொன்று நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் சார்ள்ஸ் பிளெச்சர் எதிர்நோக்கிய இடர்ப்பாடுகளுள் ஒன்று, இளைப்பை அளப்பது எவ்வாறு என்பதாகும். ஊடுகதிர்ப் படத்தில் தென்படும் நிழலின் அளவும் மனிதன் படும் அவதியின் அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆகவே அவர் சுவாசப்பையைக் கேளாமல் மனிதனைக் கேட்டார். 1950களில் உருப்பெற்று 1960 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் வினாக்கொத்தில் இடம்பெற்ற அந்த அளவுகோல் ஐந்து படிகளைக் கொண்டது. கடும் உழைப்பின்போது மாத்திரம் இளைப்பது முதற் படி. சமதரையில் விரையும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ இளைப்பது இரண்டாவது. நான்காவதில் ஏறக்குறைய நூறு யார் தூரத்தில் நிற்கவேண்டியுள்ளது. ஐந்தாவதில் வீட்டைவிட்டு வெளியேற முடிவதில்லை. உடை மாற்றுவதும் இளைப்பைத் தருகிறது.

இடையிலுள்ள மூன்றாவது படி ஆழ்ந்து நோக்கத்தக்கது. சமதரையில் தம் வயதொத்த பிறரோடு நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்பதே அங்கு கேட்கப்படும் வினா. இளைப்பை அளக்கப் புகுந்த மருத்துவன், தூரத்தையோ வேகத்தையோ இங்கு அளவாகக் கொள்ளவில்லை. உடன்நடப்போரையே அளவாகக் கொண்டான். இஃது ஒரு தற்செயலான சொற்றேர்வாக இருக்கலாம். ஆயினும் அது வெளிப்படுத்தும் உண்மை பெரிது. ஒருவர் தம் நோயை முதன்முதலாக உணர்வது பெரும்பாலும் தனித்திருக்கும்போது அன்று. தோழர்கள் பேசிக்கொண்டே இரண்டடி முன்னே சென்றுவிடுகையில், அவ்விரண்டடியை எட்டிப்பிடிக்க இயலாத கணத்திலேயே அவர் அதனை உணர்கிறார். நோயின் இடைப்படி பிறரிலிருந்து பின்தங்குதல். இறுதிப்படி வீட்டுக்குள் அடைபடுதல். மூச்சின் அளவுகோல் எனப் பெயர்பெற்றது, உண்மையில் மனிதன் மனிதரிலிருந்து விலகும் தூரத்தின் அளவுகோலாகவும் அமைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஓர் அளவையும் மருத்துவத்தில் உண்டு. ஆறு நிமிட நடைப் பரிசோதனை எனப்படும் அதில், முப்பது மீற்றர் நீளமான நடையோடையில் நோயாளி ஆறு நிமிடம் மேலுங்கீழுமாக நடக்கவேண்டும். கடந்த தூரம் குறிக்கப்படும். 2002 இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வெளியிட்ட நெறிமுறையின்படி, பரிசோதிப்பவர் நோயாளியோடு சேர்ந்து நடத்தலாகாது. சேர்ந்து நடந்தால் நோயாளியின் வேகம் மாறிவிடும். பரிசோதிப்பவர் எவரோடும் உரையாடுதலும் ஆகாது. விஞ்ஞான அளவீட்டின் தேவையை நோக்க இவ்விதி முற்றிலும் நியாயமானதே. ஆனால் இவ்விதியின் மறுபக்கம் ஒரு சாட்சியமாகும்: துணை ஒருவரின் இருப்பு நடையை மாற்றும் என்பதை விஞ்ஞானம் நன்கறிந்திருப்பதாலேயே, அளக்கும்போது அத்துணையை அகற்றுகிறது.

மருத்துவம் இந்நோயாளருக்கு எப்பொழுதும் நடையை விதித்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவர்களுக்கு விதிக்கப்பட்டது ஓய்வே. இளைப்பு ஆபத்து, ஆதலால் இளைப்பைத் தரும் எதனையும் தவிர்த்தல் நலம் என்பதே அக்காலத்து நியாயம். 1952 இல் நியூயோர்க் நகரின் அல்வன் பராக் என்னும் மருத்துவர், படிப்படியான நடைப்பயிற்சியால் நோயாளர் முன்னேறியதை எடுத்துரைத்தார். அக்கருத்து உடனடியாகச் செவிமடுக்கப்படவில்லை. 1960களில் டென்வர் நகரில் தோமஸ் பெற்றியும் அவர் சகாக்களும் கொண்டுசெல்லத்தக்க ஒட்சிசனும் பயிற்சியும் இணைந்த முறையொன்றை வளர்த்தனர். இன்று சுவாசப் புனர்வாழ்வு எனப்படும் அம்முறையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. 2015 இல் வெளியான தொகுப்பாய்வொன்று 65 பரிசோதனைகளையும் 3,822 நோயாளரையும் உள்ளடக்கியது. வழமையான பராமரிப்போடு ஒப்பிடும் இத்தகைய பரிசோதனைகள் இனியும் வேண்டியதில்லை என்று கூறுமளவுக்கு அதன் முடிவு உறுதியாயிருந்தது. வியப்பென்னவெனில், இப்பயிற்சியால் சுவாசப்பை சீரடைவதில்லை. குழல்கள் குறுகியவாறே இருக்கின்றன. சீரடைவன தசையும் துணிவுமே.

அவ்வாறாயின் பயிற்சி பெற்றோர் பின்னர் ஏன் தொடர்ந்து நடப்பதில்லை? ஓராண்டளவில் பெற்ற நலம் தேயத் தொடங்குவதை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடைபெற்று 2005 இல் வெளியான ஆய்வொன்றின்படி, நலமுள்ள முதியோர் நாளொன்றுக்குச் சராசரி 81 நிமிடம் நடக்க, இந்நோயாளர் 44 நிமிடமே நடந்தனர். இவ்வேறுபாட்டைச் சுவாசப்பையின் குறைபாடு மட்டும் விளக்கிவிடாது. ஏறத்தாழ ஒரே அளவு மூச்சுள்ள இருவருள் ஒருவர் வீதியிலும் மற்றவர் நாற்காலியிலும் காணப்படுவதுண்டு. 2017 இல் ஸ்பெயினின் கத்தலோனியப் பிரதேசத்திலிருந்து வந்த ஆய்வொன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இந்நோயாளருள் எவர் கூடுதலாக நடமாடுகின்றனர் என ஆராய்ந்தபோது இரு பிரிவினர் முன்னின்றனர்: பேரப்பிள்ளைகளைப் பராமரிப்போரும், வளர்ப்பு நாயை நடத்திச் செல்வோரும். இக்கண்டுபிடிப்பு முதற் பார்வையில் நகைப்பை விளைக்கலாம். ஆயின் அதிற் பொதிந்துள்ள கருத்து எளிதானதன்று. அப்பாட்டனார் தமது உடல்நலத்துக்காக நடக்கவில்லை. பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்துவர வேண்டியிருப்பதால் நடக்கிறார். நடை அவருக்கு நோக்கமன்று, வழி. அவரது வரவுக்காக எங்கோ ஓர் உயிர் காத்திருக்கிறது. அன்றியும், சிறுபிள்ளையின் கால்கள் குறுகியவை. நோயுற்ற முதியவரின் வேகத்தை அவை மீறிச் செல்வதில்லை.

இனி, மறுதரப்பு வாதத்தை நோக்கலாம். மனிதன் தன் நலத்துக்குத் தானே பொறுப்பு என்பதும், மனவுறுதியுடையோனைத் தனிமை வெல்லாது என்பதும் பழமையான கொள்கைகள். ஸ்ரோயிக்கு மெய்யியலாளரின் தன்னிறைவுக் கோட்பாடு இதன் உச்சநிலை. அம்மரபின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவரான உரோமாபுரியின் செனெக்கா இந்நோயினத்தைச் சார்ந்த ஓர் அவதியைத் தாமே அனுபவித்தவர். லூசிலியஸ் என்பாருக்கு எழுதிய ஐம்பத்து நான்காம் கடிதத்தில் தம்மைப் பீடித்த மூச்சுத்திணறலை விவரிக்கும் அவர், மருத்துவர்கள் அதனை மரணத்துக்கான ஒத்திகையாகக் கருதியதைக் குறிப்பிடுகிறார். திணறலின் நடுவிலும் மரணத்தைப்பற்றிய அமைதியான சிந்தனையால் தம்மைத் தேற்றிக்கொண்டதாக அவர் கூறுவது, தன்னிறைவுக் கோட்பாட்டுக்குச் சிறந்த சான்றாகலாம். ஆயின் அதே செனெக்கா ஒன்பதாம் கடிதத்தில், ஞானியானவன் நண்பரின்றி வாழ வல்லவனேயன்றி, நண்பரின்றி வாழ விரும்புபவன் அல்லன் என்று வேறுபடுத்துகிறார். இயலுதல் வேறு, வேண்டுதல் வேறு. மேலும், நோயின் நடுவே கடிதம் எழுதியவர் அவர். எழுதுவதற்கு ஒரு லூசிலியஸ் இருந்தான். தன்னிறைவைப்பற்றிய அவரது சிந்தனைகள் நண்பனுக்கு வரையப்பட்ட கடிதங்களாகவே நமக்குக் கிடைத்துள்ளன என்பதை மெய்யியல் மாணவர் மறந்துவிடலாகாது.

தன்னுடலைப் பேணுதல் ஒவ்வொருவருக்கும் தன்பாலுள்ள கடமை எனக் காண்ட் வாதிட்டதும் உண்மையே. 1797 இல் வெளியான அவரது அறவியல் நூல் இதற்குத் தனியிடம் வழங்குகிறது. ஆயின் கடமை இயலுமையைச் சார்ந்தது. செய்ய இயலாததைச் செய்யுமாறு எவரையும் கடமைப்படுத்த முடியாது என்பதும் காண்டியக் கொள்கையே. நடக்க இயலுமா என்பது தசையை மட்டும் பொறுத்த வினாவா? பிறர் பார்க்க நடுவீதியில் நின்று மூச்சு வாங்குவதற்கு ஓர் இயலுமை வேண்டும். கடையொன்றின் கண்ணாடியிலுள்ள பொருள்களைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்து மூச்சை மீட்டுக்கொள்வது இந்நோயாளர் பலரும் கைக்கொள்ளும் உபாயம். அவர்கள் மறைப்பது எதனை? நோயையன்று, நோயினால் வரும் வெட்கத்தை. இளைப்பு வெளிக்குத் தெரியாத நோய். ஊன்றுகோலுக்கும் கட்டுப்போட்ட காலுக்கும் வழிவிடும் சமூகம், திடகாத்திரமானவர்போலத் தோன்றும் ஒருவர் பத்தடிக்கொருமுறை நிற்பதைச் சோம்பலென்றோ மதுமயக்கமென்றோ எண்ணிவிடுகிறது. சுவாச நோயொன்றுக்குத் தாமே ஆளான மெய்யியலாளர் ஹவி கரெல் 2008 இல் வெளியிட்ட நூலிலும் பின்னைய எழுத்துகளிலும், நோய் என்பது உடலுறுப்பொன்றின் பழுது மாத்திரமன்று, நோயாளி வாழும் உலகமே மாறிவிடுவது என்பதை பிரெஞ்சு அறிஞர் மேர்லோ-பொன்ரியின் உடல்பற்றிய சிந்தனையை அடியொற்றி விளக்கியுள்ளார். நலமுள்ளவனுக்குக் கண்ணுக்கே புலப்படாத சரிவு, நோயாளிக்கு மலையாகிறது, தூரங்கள் நீள்கின்றன. ஒரே வீதியில் இருவர் நடப்பினும் அவர்கள் நடப்பது இருவேறு வீதிகளில்.

பொறுப்பு என்னும்போது புகைத்தல் நினைவுக்கு வராமலிராது. தானே தேடிக்கொண்ட நோய் என்ற எண்ணம் பிறர் மனதில் மட்டுமன்றி நோயாளியின் மனதிலும் ஆழ வேரூன்றியுள்ளது. உதவி கேட்கும் உரிமையைத் தாம் இழந்துவிட்டதாகவே பலர் கருதி ஒதுங்குகின்றனர். இவ்வெண்ணம் வரலாற்றின் முன் முழுமையாக நிற்பதன்று. உலகப்போர்களின்போது அரசாங்கங்களே படைவீரர்க்குச் சிகரெட்டை உணவுப்பங்கீட்டோடு வழங்கின. றிச்சட் டோல், பிரட்போர்ட் ஹில் ஆகியோர் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை நிறுவிய கட்டுரை வெளிவந்தது 1950 இல். அதற்குமுன் புகைக்கப் பழகியவன் அறிந்து தேர்ந்தான் என்பது பொருந்தாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதாரத்தில் புகையிலைச் செய்கையும் சுருட்டுத் தொழிலும் பெற்றிருந்த இடத்தை எண்ணினால், ஓர் ஊரே உண்டு வாழ்ந்த பயிரின் பழியை ஒரு கிழவரின் நெஞ்சின்மீது மட்டும் சுமத்துதல் எவ்வளவு எளிதான நீதி என்பது புலனாகும். இன்னும், புகைத்தறியாதோரின் தொகையும் சிறிதன்று. செல்வந்த நாடுகளில் இந்நோயின் எழுபது வீதத்துக்கு மேற்பட்டதற்குப் புகைத்தல் காரணமாக, வறிய, நடுத்தர வருமான நாடுகளில் அது முப்பது முதல் நாற்பது வீதமே என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அங்கு அடுப்புப் புகை ஒரு பெருங் காரணி. விறகடுப்பின் முன் ஐம்பது வருடம் குந்தியிருந்து பிறருக்குச் சமைத்த பெண்ணின் நெஞ்சிலும் இந்நோயே குடியிருக்கிறது. ஆயினும் குற்றமற்றவருக்கே துணை உரியது என்ற முடிவுக்கு இவ்வாதம் இட்டுச்செல்லலாகாது. நோயை வருவித்த பொறுப்பு இறந்தகாலத்தைச் சார்ந்தது. நோயுற்றவரோடு எவ்வாறு ஒழுகுவது என்பது நிகழ்காலத்தைச் சார்ந்தது. முன்னதற்கு விடை கண்டபின்னரே பின்னதைத் தொடங்குவேன் என்பவன் ஒருபோதும் தொடங்கமாட்டான்.

தனிமை என்ற சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஏகாந்தத்தைப் போற்றும் மரபு கீழைத்தேயத்திலும் மேலைத்தேயத்திலும் நீண்டது. ரூசோவின் மறைவுக்குப்பின் 1782 இல் வெளிவந்த நூலில் அவர் தம்மைத் தனித்து நடப்பவராகவே சித்திரிக்கிறார். ஆயின் ரூசோ நடந்தார். மனிதரை விட்டு விலகிச்செல்ல அவருக்குக் கால்கள் இருந்தன. திரும்பி வரவும் இருந்தன. இந்நோயாளியின் தனிமை தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. விலகிச்சென்றது அவரல்லர், உலகமே. மேலும், தனிமை என்பது ஆளில்லாமையும் அன்று. கூட்டுக்குடும்பத்தில், பிள்ளைகளும் மருமக்களும் நிறைந்த வீட்டில், ஒருவர் முற்றாகத் தனித்துப்போக முடியும். குடும்பப் பிணைப்பைப்பற்றிப் பெருமை கொள்ளும் சமூகங்கள் இதனை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இங்கு அன்பே ஒரு கருவியாகச் செயற்படுவது கவனத்துக்குரியது. இளைக்கும் தாயைக் கண்ட மகள், தண்ணீர்க் குடத்தைத் தான் வாங்கிக்கொள்கிறாள், அது தகும். அடுத்து முற்றம் கூட்டுவதை வாங்கிக்கொள்கிறாள். பின்னர் சந்தைக்குப் போவதை, பூ ஆய்வதை, வாசற்கதவைத் திறப்பதைக்கூட வாங்கிக்கொள்கிறாள். ‘நீங்கள் சும்மா இருங்கோ, அம்மா’ என்னும் சொல்லில் எத்துணை பரிவு உண்டோ அத்துணை விலக்கலும் உண்டு. ஒவ்வொரு வேலையும் கைமாறும்போது அதனோடு ஒட்டியிருந்த மனிதர்களும் கைமாறுகின்றனர்: கிணற்றடியில் காணும் அயற்பெண், சந்தையில் விலைபேசும் மீன்காரி, வாசலில் நின்று ஊர்ச்செய்தி சொல்லும் தபாற்காரர். ஈற்றில் தாய்க்கு எஞ்சுவது நாற்காலியும் நன்றியுணர்வுமே. எவருக்கும் பயன்படாதவராய், எல்லோருக்கும் கடன்பட்டவராய் இருத்தல் தனிமையின் மிகக் கொடிய வடிவங்களுள் ஒன்று. ஓய்வை விதித்த பழைய மருத்துவத்தின் தவறும் இந்த அன்பின் தவறும் ஒரே இனத்தவை. இரண்டும் மனிதனைத் துன்பத்திலிருந்து காக்க எண்ணி வாழ்விலிருந்து காத்துவிடுகின்றன. மகளைக் குறைகூறுதல் நியாயமன்று. இளைப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பார்ப்பவருக்கும் கடினமான பயிற்சி. ஆயினும் அப்பயிற்சியை எவரும் அவளுக்குக் கற்பிப்பதில்லை.

உடன் நடப்பதிலும் ஒரு நுட்பமான இடர் உண்டு. பேச்சுக்கும் நடைக்கும் செலவாவது ஒரே மூச்சு. நலமுள்ளவருக்கு இரண்டுக்கும் போதிய மூச்சு உள்ளமையால், நடந்துகொண்டே பேசுதல் நட்பின் இயல்பான வடிவமாகியுள்ளது. நோயாளி இரண்டிலொன்றைத் தேர்ந்தாகவேண்டும். நண்பனின் கேள்விக்கு விடையளிக்க அவர் நிற்கவேண்டும், நடக்கவேண்டுமாயின் மௌனங்காக்கவேண்டும். இதனையறியாத துணை, மௌனத்தைச் சலிப்பென்றும் நிற்பதைத் தளர்ச்சியென்றும் கொண்டு, பரிவோடு ‘திரும்பிவிடலாமா’ என வினவும். ஆதலால் துணைநடத்தல் நல்லெண்ணத்தால் மட்டும் கைகூடுவதன்று. வேகத்தைக் குறைக்கவும், பேசாமல் உடனிருக்கவும், நின்றவரைப் பார்த்துத் தானும் இயல்பாக நிற்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

தனிமை ஆயுளைக் குறைக்கும் என்பது இன்று பரவலாகப் பேசப்படுகிறது. 2010 இல் வெளியான தொகுப்பாய்வொன்று, 148 ஆய்வுகளிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரைப்பற்றிய தரவுகளைத் திரட்டி, வலுவான சமூக உறவுகளுடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஐம்பது வீதம் கூடியது எனக் கண்டது. 2018 இல் பிரித்தானிய அரசாங்கம் தனிமை தொடர்பான பொறுப்பை அமைச்சர் ஒருவரிடமே ஒப்படைத்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் இவ்வாதத்தில் மெய்யியலாளர் ஐயுறவேண்டிய ஓரம்சம் உண்டு. தனிமை கொல்லும் என்பதனாலா அது தீமையாகிறது? கொல்லாத தனிமை தீமையன்றோ? 1981 இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனையொன்று, குருதியில் ஒட்சிசன் குறைந்த நோயாளர் வீட்டில் நாளுக்குப் பதினைந்து மணித்தியாலமேனும் ஒட்சிசன் பெற்றால் கூடுதற் காலம் வாழ்வர் என நிறுவியது. ஐந்தாண்டுகளில், அதனைப் பெற்ற 42 பேருள் 19 பேரும், பெறாத 45 பேருள் 30 பேரும் இறந்தனர். இது மருத்துவத்தின் மெய்யான வெற்றி. ஆயின் அவ்வாயுள் ஒரு குழாயின் நீளத்துக்குள் அடங்கிய ஆயுள். ஆயுளின் நீளமே அளவாயின் அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கொண்டுசெல்லத்தக்க ஒட்சிசனைத் தேடியவர்கள், மனிதன் மூச்சைக் கேட்பது வெறுமனே மூச்சுவிடுவதற்காக அன்று என்பதை உணர்ந்திருந்தனர். 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் பிரித்தானியாவில் கடுமையான சுவாச நோயுடையோர் வீட்டைவிட்டு வெளிவராதிருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். உலகத்தாருக்குப் புதுமையாகத் தோன்றிய அவ்வாழ்க்கை, ஐந்தாம் படியிலிருந்த நோயாளிக்கு அன்றாட வாழ்க்கையாகவே முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது.

ஆகவே நடை தனியொருவரின் கடமையாக மட்டும் இருக்க முடியாது. வீதியின் வேகம் இயற்கை விதித்ததன்று. வலியவர்கள் தம்மையறியாமலே நிர்ணயித்தது. மூன்றாம் படியின் வினாவில், ‘பிறர்’ என்பார் அசையாத அளவுகோலாகவும் நோயாளி அளக்கப்படுபவராகவும் நிற்கின்றனர். அப்பிறரின் வேகமும் மாறக்கூடியதே என்பது வினாவில் இல்லை. பின்தங்கியவர் விரைய முடியாது. முன்சென்றவர் தாமதிக்க முடியும். இருவருள் இயலுமையுடையவர் மீதே கடமை சாரும் எனின், வேகத்தைக் குறைத்தல் கருணையின் பாற்பட்டதன்று, நீதியின் பாற்பட்டது. வீதியோரத்து இருக்கையும், வைத்தியசாலை வாயிலின் சரிவும், கூட்டம் நடைபெறும் மண்டபம் எந்த மாடியில் அமைகிறது என்பதும் இந்நீதிக்குள் அடங்கும்.

இதற்கு எழுப்பத்தக்க ஆட்சேபம் வலுவானது. நட்பைக் கடமையாக விதிக்க முடியுமா? கடமைக்காக வரும் துணை, துணையாகுமா? அரிஸ்டோட்டில் தமது அறநூலில் இரு அதிகாரங்களை நட்புக்கென ஒதுக்கி, ஏனைய நலன்கள் யாவும் பெற்றிருப்பினும் நண்பரின்றி வாழ எவரும் விரும்பார் என்று கொண்டார். ஆயின் நட்பு என்பது ஒருவரையொருவர் விரும்பி நாடுவது என்பதும் அவர் கொள்கையே. விரும்பி நாடாத இடத்தில் நட்பு இல்லை. இவ்வாட்சேபத்தை முற்றாகக் களைதல் இயலாது. ஆயினும் அரிஸ்டோட்டிலே, நட்புக்குக் காலமும் பழக்கமும் வேண்டும் என்றும், நண்பர் சேர்ந்து வாழ்பவர் என்றும் வற்புறுத்துகிறார். சேர்ந்து நடத்தற்குரிய வேகம் இல்லாத இடத்தில் அப்பழக்கம் தோன்றுவதற்கே வழியில்லை. விருப்பத்தைக் கடமையாக்க முடியாது. விருப்பம் தோன்றுவதற்குரிய இடத்தை அடைத்துவிடாதிருத்தலைக் கடமையாக்கலாம். சுவாசப் புனர்வாழ்வு வகுப்புகளில் முன்பின் அறியாத நோயாளர், ஒரே மெதுவான வேகத்தில் வாரக்கணக்காக ஒன்றாய் நடப்பர். அங்கு எவரும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை, ஏனெனில் எல்லோரும் நிற்பவர்களே. வகுப்பு முடிந்து அவரவர் வீட்டுக்குத் திரும்பும்போது, குறைந்துவிடுவது பயிற்சி மட்டுமா என்பதைக் கேட்டறிந்த பின்னரே, அவர்களுள் நடையைக் கைவிட்டவரை மனவுறுதியற்றவர் எனல் பொருந்தும்.

ஐந்தாம் படியில் இருப்பவரோடு நடத்தற்கு நடையே இல்லை. அங்கு வரவேண்டியவர் மற்றவரே. வந்து, அவருக்கு மூச்சு மீளும்வரை பேசாதிருக்க வேண்டியவரும் அவரே. வீட்டைவிட்டு வெளியேற முடிகிறதா என்று நோயாளியைக் கேட்கும் அவ்வினாக்கொத்து, வீட்டுக்கு எவரேனும் வருகிறார்களா என்று கேட்பதில்லை.